ரோம்ல ரெண்டு நாள், கூட அப்பா அம்மா: எதைப் பாக்கறது, எதை விடறது?

ஈரோட்டுக்காரன் | வியாழன், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கங்க. நான் ஜெர்மனில ஸ்டுட்கார்ட்ல வேலை பாக்கறேன். அப்பா அம்மா முதல் தடவையா ஊர்ல இருந்து வந்திருக்காங்க. அப்பா பொதுப்பணித்துறைல ஓவர்சியரா இருந்து ரிட்டையர் ஆனவரு, வயசு 68, வலது முட்டி தேய்மானம், படி ஏறுனா வலிக்கும், சமதரைல ஒரு கிலோமீட்டர் நடப்பாரு அப்பறம் உக்காரணும். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. எங்க போலாம்னு கேட்டப்ப அப்பா ரோம்னு ஒரே வார்த்தைதான் சொன்னாரு, அவரு வாயத் தொறந்து எதையும் கேக்கற ஆளே இல்லைங்க, அதனால இதை எப்படியாச்சும் ஒழுங்கா செஞ்சு குடுத்துடணும்னு இருக்கு.

அடுத்த மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு ஃபியுமிசினோ ஏர்போர்ட்ல இறங்கறோம், ஞாயிறு ராத்திரி 8.30க்கு திரும்ப ஃப்ளைட். நான் போட்டு வெச்சிருக்கறது இதுதான்: சனிக்கிழமை காலைல கொலோசியம், ஃபோரம் (பழைய ரோமோட நடு ஊர் இடிபாடு), பாலட்டைன் குன்று, மத்தியானம் பாந்தியன் (பழைய ரோமானியக் கோயில்), ட்ரெவி நீரூற்று, ஸ்பானிஷ் படிக்கட்டு, சாயங்காலம் நவோனா சதுக்கம், ட்ராஸ்டேவெரே ஏரியா. ஞாயிறு காலைல வாட்டிகன் மியூசியம், சிஸ்டைன் சேப்பல், செயின்ட் பீட்டர்ஸ், நேரம் இருந்தா போர்கேசே காலரி. போயிட்டு வந்தவங்க பாத்து சொல்லுங்க.

மெரினாக்காத்து | வியாழன், இரவு 11.15

முதல்ல ஒரு விஷயம், வாட்டிகன் மியூசியம் ஞாயித்துக்கிழமை மூடியிருக்கும். மாசத்தோட கடைசி ஞாயிறு மட்டும் காலைல திறப்பாங்க, அன்னிக்கு ஃப்ரீ, அதனாலயே கூட்டம் தாங்காது. அதே மாதிரி மாசத்தோட முதல் ஞாயிறு கொலோசியம் ஃப்ரீ, அந்தத் தேதில வந்து மாட்டிக்காதீங்க. உங்க ஞாயிறு எத்தனாவதுனு பாருங்க.

ரெண்டாவது, உங்க சனிக்கிழமை லிஸ்டே நல்ல காலு இருக்கறவனுக்கு ஒன்றரை நாள் வேலை. கொலோசியம், ஃபோரம், பாலட்டைன் மூணுக்கும் ஒரே டிக்கெட்தான் (நான் போனப்ப 18 யூரோ), ஆனா மூணையும் ஒரே காலைல முடிக்கணும்னு ஒண்ணும் இல்ல. பாலட்டைன் ஏத்தம். ஃபோரம் உள்ள தரை முழுக்க ரெண்டாயிரம் வருஷத்துக் கருங்கல், மேடும் பள்ளமுமா இருக்கும். முட்டி வலிக்காரரை அங்க கூட்டிட்டுப் போனா அவர் தரையத்தான் பாத்துட்டு நடப்பாரு, தூணை எங்க பாக்கறது.

ஈரோட்டுக்காரன் | வியாழன், இரவு 11.31

நாங்க போறது மாசத்தோட ரெண்டாவது ஞாயிறுங்க. அப்ப சனிக்கிழமைய வாட்டிகனுக்கு மாத்திக்கறேன். ஃபோரம் விட்டுட்டா ரோம் வந்த மாதிரியே இருக்காதே?

மெரினாக்காத்து | வியாழன், இரவு 11.44

விட வேண்டாம், மேல இருந்து பாருங்க. காம்பிடோலியோ குன்றுல மைக்கலாஞ்சலோ வடிவமைச்ச சதுக்கம் இருக்கு, அதுக்கு ஏற அவரே ஒரு சரிவுப் படி போட்டிருக்காரு, குதிரையே ஏறலாம், அவ்வளவு மெதுவான சரிவு. அப்பா நின்னு நின்னு ஏறிடுவாரு. மேல போயி நடுவுல இருக்கற அரண்மனைக்குப் பின்பக்கம் ஓரமா நின்னா மொத்த ஃபோரமும் காலடில, தூரத்துல கொலோசியம். டிக்கெட் கிடையாது. சாயங்காலம் வெயில் சாயற நேரம் போங்க, கல்லு எல்லாம் தேன் கலருக்கு மாறும்.

தூரிகைத்தாரா | வெள்ளி, காலை 7.05

காலைல எழுந்ததும் இந்த இழைய பாத்தேன். நான் மதுரை, ஓவியம் படிச்சவ, ரோமுக்கு மூணு தடவ போயிருக்கேன். ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்கறேன், சிஸ்டைன் சேப்பலை விட்றாதீங்க. 1508ல இருந்து 1512 வரைக்கும் நாலு வருஷம் மைக்கலாஞ்சலோனு ஒரு மனுஷன் சாரத்து மேல நின்னு அண்ணாந்து பாத்தே வரைஞ்ச கூரை அது. படுத்துக்கிட்டு வரைஞ்சாருனு சொல்றது கட்டுக்கதை, நின்னுக்கிட்டுதான் வரைஞ்சாரு, கழுத்து போச்சுனு அவரே எழுதி வெச்சிருக்காரு. அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல கழிச்சு அதே ரூமுக்குத் திரும்பி வந்து எதிர்ச் சுவர்ல கடைசித் தீர்ப்பை வரைஞ்சிருக்காரு, 1541ல முடிஞ்சது. ரெண்டையும் ஒரே இடத்துல நின்னு பாக்கும்போது ஒரே ஆளோட இளமையும் முதுமையும் தெரியும். இதை ஃபோட்டோல பாக்க முடியாது, அங்க ஃபோட்டோ எடுக்கவும் விட மாட்டாங்க.

மலைக்கோட்டை | வெள்ளி, காலை 8.20

தாரா சொல்றது உண்மைதான், ஆனா அந்த ரூமுக்குப் போய்ச் சேர்ற வழியப் பத்தி யாரும் சொல்லலயே. சிஸ்டைன் கடைசிலதான் வரும். அதுக்கு முன்னாடி காலரி காலரியா நடக்கணும், சனிக்கிழமைன்னா தோளோட தோள் உரசிக்கிட்டு ஆத்து வெள்ளத்துல போற மாதிரி போகணும், நின்னா பின்னாடி வர்றவங்க தள்ளுவாங்க, உக்கார இடமும் ரொம்பக் கம்மி. எங்க மாமனாரைக் கூட்டிட்டுப் போனேன், சிஸ்டைன் வந்தப்ப அவர் சுவத்தோரம் ஒரு இடம் பிடிச்சு கண்ணை மூடி உக்காந்துட்டாரு. மேல பாக்கவே இல்ல. ஆன்லைன் புக்கிங்கோட ஆளுக்கு 25 யூரோ, மூணு மணி நேரம், அன்னிக்கு அப்புறம் எங்கயும் போக முடியல. சாயங்காலம் ஹோட்டல் ரூம்ல அவர் காலுக்குத் தைலம் தேச்சு விட்டப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, ஆசையா கூட்டிட்டு வந்து இப்படிப் பண்ணிட்டமேனு. ரெண்டு நாள்ல முட்டி வலியோட வர்றவங்களுக்கு வாட்டிகன் மியூசியம் வேண்டாம்னுதான் நான் சொல்வேன்.

செயின்ட் பீட்டர்ஸ் பேசிலிகா மட்டும் போங்க. அது இலவசம், காலை 7 மணிக்குத் திறப்பாங்க. 7 மணிக்குப் போனா செக்யூரிட்டி வரிசை பத்து நிமிஷம், 10 மணிக்குப் போனா ஒன்றரை மணி நேரம் வெயில்ல. தோளும் முட்டியும் மூடியிருக்கணும், புடவை பிரச்சினையே இல்ல.

தூரிகைத்தாரா | வெள்ளி, காலை 8.52

அண்ணே, மியூசியத்துல வீல்சேர் இலவசமா தர்றாங்க, அதுக்குத் தனி வழியும் லிஃப்டும் இருக்கு, அதுல போனா காலுக்கு ஒண்ணும் ஆகாது. உங்க மாமனாருக்கு ஆனது வருத்தமாத்தான் இருக்கு, ஆனா அதுக்காக இன்னொரு அப்பாவுக்கு அந்தக் கூரைய இல்லாம ஆக்கிடக் கூடாதுல்ல.

மலைக்கோட்டை | வெள்ளி, காலை 9.10

வீல்சேர் விஷயம் எனக்கு அப்பத் தெரியாது தாரா, தெரிஞ்சிருந்தா எடுத்திருப்பேன். ஆனா எல்லா அப்பாவும் வீல்சேர்ல உக்கார ஒத்துக்குவாங்களா? இதை அவரையே கேக்கறதுதான் சரி.

பலெர்மோ_தம்பி | வெள்ளி, பகல் 1.30

வணக்கம். நான் இத்தாலியில சிசிலித் தீவில, பலெர்மோவில கன காலமா இருக்கிறன். எங்கட சனம் இங்க நிறையப் பேர் இருக்கினம். தூதரக அலுவலா ரோமுக்கு அடிக்கடி போறனான், அதால சில காரியங்கள் சொல்லுறன்.

இரவு 9 மணிக்கு வயசான ஆக்களோட இறங்கிறீங்கள் எண்டால் ரயில் வேண்டாம். லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ஆளுக்கு 14 யூரோ, மூண்டு பேருக்கு 42, அதுவும் டெர்மினி ஸ்டேசன் வரைக்கும்தான், பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கோணும். வெள்ளை நிற டாக்சிக்கு ஏர்போட்டில இருந்து பழைய நகர மதிலுக்குள்ள எங்க போனாலும் ஒரே கட்டணம், இப்ப 55 யூரோ. ஹோட்டல் வாசலில இறக்குவினம். ஏற முதலே "55, சரிதானே" எண்டு கேட்டுப்போட்டு ஏறுங்கோ. உள்ளுக்க வந்து "டாக்சி, டாக்சி" எண்டு கூப்பிடுற ஆக்களோட போகாதேங்கோ.

டெர்மினியில இருந்து வத்திக்கானுக்குப் போற 64ஆம் நம்பர் பஸ்ஸில கள்ளர் அதிகம். மெட்ரோ ஏ லைனிலயும் அப்பிடித்தான். எனக்கே ஒருக்கா போன் களவு போயிட்டுது, கதவு பூட்டுற நேரம் ஒருத்தன் இடிச்சான், மற்றவன் எடுத்தான். பேர்சும் பாஸ்போட்டும் உள் பொக்கெற்றில வையுங்கோ. கடதாசி டிக்கெற் எண்டால் பஸ்ஸுக்குள்ள இருக்கிற மெசினில குத்தோணும், இல்லாட்டி அபராதம். இப்ப பாங்க் கார்ட்டையே தட்டிப் போட்டுப் போகலாம், அதுதான் சுகம்.

தண்ணிப் போத்தல் காசு குடுத்து வாங்காதேங்கோ. தெருவுக்குத் தெரு நசோனே எண்டு இரும்புக் குழாய் நிக்கும், நகரம் முழுக்க ரெண்டாயிரத்துக்கு மேல இருக்குது, இரவு பகலா ஓடுற நல்ல குளிர் தண்ணி. வாய்க்குழாயை விரலால பொத்தினால் மேல இருக்கிற சின்ன ஓட்டையால தண்ணி எழும்பும், குனியாமல் குடிக்கலாம். அம்மாவுக்குக் காட்டுங்கோ.

ஈரோட்டுக்காரன் | வெள்ளி, பகல் 2.05

ரொம்ப நன்றிங்கண்ணா, 42க்கும் 55க்கும் கணக்குப் போட்டே பாக்கல நானு. அம்மா சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு யாராச்சும் சொல்லுங்க.

மெரினாக்காத்து | வெள்ளி, மாலை 6.40

பீட்சா மரினாரானு கேளுங்க, தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் அவ்வளவுதான், சீஸே கிடையாது. சின்னக் கடைகள்ல பீட்சாவை வெட்டி எடைபோட்டுத் தருவாங்க, அதுல உருளைக்கிழங்கு போட்டது, வெறும் உப்பு எண்ணெய் தடவினது எல்லாம் கிடைக்கும். காச்சோ எ பேபேனு ஒரு பாஸ்தா, மிளகும் சீஸும் மட்டும் போட்டது, ரோமோட சொந்தச் சமையல், ஆனா அதுல போடற பெக்கோரினோ சீஸ் ஆட்டுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற உறை ஊத்திச் செய்யறது, சுத்த சைவம்னா அம்மாகிட்ட முதல்லயே சொல்லிடுங்க. கார்பொனாரால முட்டையும் பன்னிக்கறியும் இருக்கும். "சென்சா கார்னே, சென்சா பெஷே, சென்சா உவோவா" இதை ஒரு சீட்டுல எழுதிக் காட்டுங்க, கறி மீன் முட்டை எதுவும் இல்லாமன்னு அர்த்தம். தயிர், அரிசி, பருப்பு வேணும்னா டெர்மினி பக்கத்துல பியாஸ்ஸா விட்டோரியோவைச் சுத்தி இந்திய, வங்காளதேச மளிகைக் கடைகள் இருக்கு.

ட்ரெவி பக்கத்துல எங்கயும் உக்காந்து சாப்பிடாதீங்க. நாங்க ஒரு கடைல உக்காந்தோம், பேரு வேண்டாம், கேக்காமயே ரொட்டியும் தண்ணியும் வெச்சாங்க, பில்லுல அதுக்குத் தனிக் காசு, மேசைக் காசு தனி. காபிய பார் மேசைல நின்னுக்கிட்டே குடிச்சா பாதி விலைதான்.

கொங்கு_வரலாறு | வெள்ளி, இரவு 9.50

ஈரோட்டுக்காரர்ங்கறதால இதைச் சொல்லியே ஆகணும். அந்த மிளகு பாஸ்தா பத்தி மேல பேச்சு வந்துச்சுல்லங்க. ஃபோரம்ல மாக்சென்டியஸ் பேசிலிகானு பெரிய பெரிய வளைவு மூணு நிக்கும், ஃபோரத்துல நிக்கறதுலயே பெருசு அதுதான். அதுக்கு அடில புதைஞ்சு கிடக்கறது டோமிஷியன் பேரரசர் காலத்துல கட்டுன மிளகுக் கிடங்கு. ஹோர்ரியா பிபெரடாரியானு பேரு. அங்க அடுக்கி வெச்ச மிளகு எங்கிருந்து போச்சு? கேரளக் கரைல இருந்த முசிறித் துறைமுகத்துல இருந்து. யவனர் கப்பல் பொன்னோட வந்து மிளகோட திரும்புறதை சங்கப் பாட்டே சொல்லுது. முசிறில இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா கரூருக்குப் போற பாதைல உங்க மாவட்டத்துக் கொடுமணல் இருக்கு, அங்க மணி பட்டை தீட்டுனவங்க இந்த வியாபாரத்துல இருந்தவங்க. கோயமுத்தூர், கரூர் பக்கம் நிலத்துல ரோமானியக் காசு எத்தனை தடவ கிடைச்சிருக்கு. இந்தியாவுக்கு வருஷம் 5 கோடி செஸ்டர்ஸ் பணம் போகுதுனு ரோமானிய எழுத்தாளர் பிளைனி முதல் நூற்றாண்டுலயே குறைப்பட்டு எழுதியிருக்காரு.

அதனால அப்பாகிட்ட காம்பிடோலியோ மேல நின்னு அந்த மூணு வளைவைக் காட்டி, நம்ம பக்கத்து மிளகு இங்கதான் இருந்துச்சுனு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதே மாதிரி நவோனா சதுக்கத்துல பெர்னினிங்கற சிற்பி 1651ல முடிச்ச நாலு நதி நீரூற்று இருக்கு, நைல், டான்யூப், ரியோ டெ லா பிளாட்டா, நாலாவது நம்ம கங்கை. கைல துடுப்பு வெச்சிருக்கற தாடிக்காரர்தான் கங்கை. நம்ம ஊர்ல கங்கை அம்மா, அங்க அப்பா.

தூரிகைத்தாரா | வெள்ளி, இரவு 10.20

நவோனால இருந்து பாந்தியன் போற வழில சான் லூயிஜி தேய் ஃப்ரான்சேசினு ஒரு சர்ச்சு, உள்ள போயி இடது பக்கக் கடைசி சேப்பல், கராவாஜியோ வரைஞ்ச மூணு ஓவியம், இலவசம். ஒரு யூரோ காசு போட்டா லைட் எரியும். சிஸ்டைனை விட்டீங்கன்னாலும் இதை விடாதீங்க, ரெண்டு நிமிஷ நடைதான், உக்கார பெஞ்சும் இருக்கு.

ஈரோட்டுக்காரன் | சனி, காலை 11.00

அப்பாகிட்டயே உக்காந்து கேட்டேங்க. எல்லா இடத்தோட ஃபோட்டோவையும் லேப்டாப்ல காட்டுனேன். வீல்சேர் வேண்டாம்னுட்டாரு, "நடக்கற வரைக்கும் நடக்கறேன்"னு சொன்னாரு. அப்பறம் பாந்தியன் ஃபோட்டோல கைய வெச்சு "இதுக்காகத்தான் ரோம்னு சொன்னேன்"னாரு. அவரு கட்டட வேலை பாத்தவரு, கம்பியே இல்லாத கான்கிரீட் டோம் 1900 வருஷமா நிக்குதுன்னு சர்வீஸ்ல இருந்தப்ப எங்கயோ படிச்சிருக்காரு. எனக்கு இத்தனை வருஷமா தெரியவே தெரியாது.

அதனால மியூசியம், போர்கேசே, பாலட்டைன், ஸ்பானிஷ் படிக்கட்டு எல்லாத்தையும் எடுத்துட்டேன். பாந்தியன் பக்கத்துலயே ரூம் போட்டாச்சு.

மலைக்கோட்டை | சனி, காலை 11.25

ரூம் அங்க போட்டது ரொம்ப நல்ல முடிவு. ட்ரெவி, நவோனா எல்லாமே அங்கிருந்து கிலோமீட்டருக்குள்ள. மத்தியானம் திரும்பி வந்து காலை நீட்டிப் படுக்க இடம் இருக்கறதுதான் வயசானவங்களுக்கு முக்கியம். கொலோசியம் ஞாயிறு காலைல வெச்சுக்கோங்க, ஞாயிறுல பெரும்பாலும் அந்த ஃபோரம் ரோட்டுல வண்டி விட மாட்டாங்க, நடக்க வசதி. உள்ள லிஃப்ட் இருக்கு, முட்டியைக் காட்டிக் கேளுங்க. டிக்கெட் ஒரு மாசத்துக்கு முன்னாடிதான் திறக்கும், சீக்கிரம் தீந்துடும், பாஸ்போர்ட்டுல இருக்கற பேரை அப்படியே போடணும்.

ஈரோட்டுக்காரன் | நாலு வாரம் கழித்து, புதன், இரவு 9.15

போயிட்டு வந்துட்டோங்க. நீங்க எல்லாரும் இவ்வளவு எழுதுனதுக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லணும்ல.

சனிக்கிழமை விடியக்காலைல டாக்சி பிடிச்சு 6.50க்கு செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கம். பெர்னினியோட அந்தத் தூண் வரிசை, மொத்தம் 284 தூணு, அதுல ஒரு இடத்துல ஒரு வட்டக் கல்லு பதிச்சிருக்காங்க, அதுமேல நின்னு பாத்தா நாலு வரிசைத் தூணும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு மறைஞ்சு ஒரே வரிசையாத் தெரியுது, அப்பா அதுமேல நின்னும் நகந்தும் நின்னும் நகந்தும் பாத்துட்டே இருந்தாரு. உள்ள போனதும் வலது பக்கம் மைக்கலாஞ்சலோவோட பியேட்டா, செத்துப்போன இயேசுவை மடில வெச்சுக்கிட்டு மரியா உக்காந்திருக்கற சிலை. கண்ணாடிக்குப் பின்னாடிதான் இருக்கு, 1972ல ஒருத்தன் சுத்தியலால அடிச்சதுக்கு அப்பறம் போட்டதாம். அம்மாவுக்கு மைக்கலாஞ்சலோ யாருன்னு தெரியாது, நானும் எதுவும் சொல்லல. ரொம்ப நேரம் நின்னுட்டு, "அந்தம்மா அழுவலியேடா, கைய மட்டும் விரிச்சிருக்கு பாரு"ன்னு சொன்னாங்க. எனக்கு அந்தக் கை அதுவரைக்கும் கண்ணுலயே படல. 9 மணிக்கு நாங்க வெளிய வந்தப்ப வரிசை சதுக்கத்தைச் சுத்தி வளைஞ்சு நின்னுச்சு.

மத்தியானம் தூங்கி எந்திரிச்சு 4 மணிக்கு பாந்தியன். டிக்கெட் 5 யூரோ, முன்னாடியே எடுத்திருந்தேன். வாசல்ல நிக்கற பதினாறு தூணும் எகிப்துல இருந்து கொண்டாந்த ஒத்தைக் கல்லு. கிளம்பும்போதே தூறிட்டு இருந்துச்சு, நாங்க உள்ள போகவும் நல்ல மழை. நடுவுல மேல திறந்திருக்கற அந்த வட்டம், கிட்டத்தட்ட 9 மீட்டர் அகலம், அது வழியா மழை நேரா உள்ள இறங்குது, வெளிச்சத்துல ஒரு ஒத்தைத் தூணு மாதிரி. நடுவுல கயிறு கட்டிட்டாங்க. எல்லாரும் மேலயே பாத்துட்டு இருந்தாங்க, அப்பா கீழ பாத்தாரு. தரை நடுவுல லேசா மேடு, ஓரத்துக்கு வாட்டம், அங்கங்க சின்ன ஓட்டை, தண்ணி சத்தமில்லாம அதுல இறங்கிடுது. "வாட்டம் எப்படிக் குடுத்திருக்கான் பாரு"ன்னாரு. அப்பறம் பெஞ்சுல உக்காந்து எனக்கு விளக்குனாரு, அடில சுவர் 6 மீட்டர் தடிமன், மேல போகப்போகக் குறைச்சு உச்சில ஒண்ணேகால் மீட்டர் கிட்டதான், அடில கனமான கல்லுச் சல்லி, மேல எரிமலைக் கல்லு, அது தண்ணில மிதக்கற அளவுக்கு எடை கம்மி, அந்தக் கட்டம் கட்டமா குடைஞ்சிருக்கறதும் எடையக் குறைக்கத்தான். உயரம் 43.3 மீட்டர், குறுக்களவும் அதே 43.3, உள்ள ஒரு முழுப் பந்தை வைக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்தோம். எங்கப்பா என்கிட்ட ஒரே மூச்சுல அவ்வளவு நேரம் பேசுனது அதுதான் முதல் தடவைங்க.

தாரா அக்கா, கராவாஜியோ பாத்தோம், காசு நான்தான் போட்டேன், லைட் அணைஞ்சதும் அம்மா இன்னொரு காசு போடச் சொன்னாங்க. சிஸ்டைனை நான் தனியா ஒருநாள் வந்து பாக்கறேன், விட்டுட மாட்டேன்.

ட்ரெவி காலைல 6 மணிக்குப் போகச் சொல்லி எங்கயோ படிச்சு ஞாயிறு அப்படியே போனோம், முப்பது பேர் கூட இல்ல. கொலோசியத்துல லிஃப்டுல மேல ஏத்தி விட்டாங்க, கி.பி. 80ஆம் வருஷம் திறந்த கட்டடம், 50 ஆயிரம் பேர் உக்காந்து பாத்திருக்காங்க, அப்பா வாசல் வளைவு மேல செதுக்கியிருக்கற ரோமன் நம்பரைக் காட்டி, டிக்கெட்ல இருக்கற நம்பரைப் பாத்து அந்தந்த வாசல்ல போயிருப்பாங்கன்னு சொன்னாரு. கருங்கல்லுல நடந்து முட்டி வலிச்சுது, உண்மையச் சொல்லணும், அதனால ஃபோரத்துக்குள்ள இறங்கவே இல்ல, டாக்சில காம்பிடோலியோ பக்கம் போயி மேல இருந்து பாத்தோம். கொங்கு வரலாறு அண்ணா, அந்த மூணு வளைவைக் காட்டி மிளகுக் கதை சொன்னேன். அம்மா கைப்பைல இருந்து அவங்க ஊர்ல இருந்து கொண்டாந்த மிளகுப்பொடி டப்பாவை எடுத்துப் பாத்துட்டு மறுபடி உள்ள வெச்சுக்கிட்டாங்க, அந்த ரெண்டு நாளும் மரினாரா பீட்சா மேல அதைத் தூவித்தான் சாப்பிட்டாங்க.

கங்கையும் பாத்தாச்சு. ட்ராஸ்டேவெரே போகல, தெம்பு இல்ல.

பலெர்மோ_தம்பி | புதன், இரவு 10.02

வாசிக்கச் சந்தோசமா இருக்குது தம்பி. நசோனேயில தண்ணி குடிச்சவையோ அம்மா?

ஈரோட்டுக்காரன் | புதன், இரவு 10.10

குடிச்சாங்கண்ணா, விரல் வெச்சுப் பொத்தற வித்தைய ஒரு ஜப்பான்காரம்மாவுக்கும் சொல்லிக் குடுத்தாங்க.

நெல்லை_அல்வா | வியாழன், காலை 6.45

புதுசா வந்தவன், மன்னிக்கணும். எங்க அம்மா பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கு, பேரு மட்டும்தான். கொலோசியம் டிக்கெட்ல சர்நேம் கட்டாயம் கேக்குது, உங்களுக்கு எப்படி ஆச்சு?

ஈரோட்டுக்காரன் | வியாழன், காலை 7.20

எங்கம்மாவுக்கும் அப்படித்தாங்க. ரெண்டு கட்டத்துலயும் அதே பேரைப் போட்டேன். வாசல்ல பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பாத்தாங்க, ஒண்ணும் கேக்காம விட்டுட்டாங்க. இனிஷியல் மட்டும் சேக்காதீங்க, பாஸ்போர்ட்டுல என்ன எழுத்து இருக்கோ அதே எழுத்து.